பயிரின் நீர்த்தேவையை வரைபடமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணையின் எந்தப் பகுதிக்கு, எப்போது, எவ்வளவு தண்ணீர் என்பதைத் தாளிலோ கணினியிலோ வரைந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் மக்காச்சோளத்தையே எடுத்திருக்கிறேன். மற்ற பயிர்களுக்கும் வழி இதுதான், எண்கள்தான் மாறும்.

நீர்த்தேவை வரைபடத்தில் என்ன இருக்கும்?

வயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு எண்கள் எழுதியிருக்கும்: ஒரு நாளைக்கு எத்தனை மி.மீ. தண்ணீர் செலவாகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை பாய்ச்ச வேண்டும். அழகான வண்ணங்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த இரண்டு எண்ணும் இல்லையென்றால் அது வெறும் படம்.

பகுதி பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் நிறங்களை வைத்துப் பிரித்துவிட்டு, அப்புறம் வயலுக்குப் போனால் அந்தக் கோட்டில் தண்ணீரைத் திருப்ப வழி இருக்காது. தனியாகத் திறந்து மூடக்கூடிய மடை, அல்லது தனி வால்வு, இதுதான் உங்கள் வரைபடத்தின் மிகச் சிறிய அலகு. எட்டு மடை இருந்தால் எட்டுப் பகுதி. அதற்கு மேல் பிரித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஒரு நாள் நீர்த்தேவையை எப்படிக் கணக்கிடுவது?

மண்ணிலிருந்து ஆவியாகும் நீர், இலைகள் வழியாக வெளியேறும் நீர், இரண்டையும் சேர்த்து இங்கே ஆவி இழப்பு என்று சொல்கிறேன். பயிருக்குத் தேவைப்படும் நீரில் ஏறக்குறைய முழுவதும் இதுதான்; செடியின் உடலில் தங்குவது மிகக் குறைவு.

முதலில் அந்த நாள் வானிலைக்கான ஒப்பீட்டு ஆவி இழப்பு வேண்டும். நிலத்தை முழுதாக மூடி, தண்ணீர்க் குறையே இல்லாமல், 12 செ.மீ. உயரத்தில் வளர்ந்திருக்கும் புல்வெளி அன்றைக்கு எவ்வளவு நீரை இழக்கும் என்பதே அந்த எண். வெயில், வெப்பநிலை, ஈரப்பதம், காற்று நான்கையும் சேர்த்து இதைக் கணக்கிடும் பென்மன்-மான்டீத் முறையை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1998-இல் வெளியிட்ட வழிகாட்டி பொது அளவுகோலாக வைத்தது. வெப்பநிலை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் ஹார்க்ரீவ்ஸ் சூத்திரம் இருக்கிறது. துல்லியம் குறையும், ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

அந்த எண்ணைப் பயிர்க் குணகத்தால், அதாவது அந்தப் புல்வெளியைப்போல் எத்தனை மடங்கு நீரை உங்கள் பயிர் இழக்கும் என்ற எண்ணால், பெருக்கினால் உங்கள் பயிரின் தேவை வந்துவிடும். ஒப்பீட்டு இழப்பு 5 மி.மீ., பூக்கும் பருவத்து மக்காச்சோளத்தின் குணகம் 1.2 என்றால், ஒரு நாளைக்கு 6 மி.மீ.

குணகம் பயிர்க்காலம் முழுக்க ஒன்றேதானா?

இல்லை. மக்காச்சோளம் முளைத்து நிற்கும்போது 0.3 என்று எடுப்பார்கள், நிலத்தை மூடியபின் 1.2, தானியத்துக்காக முற்றிக் காயவிடும்போது 0.35 வரை இறங்கும். 125 நாள் பயிரை 20, 35, 40, 30 நாள் என நான்கு பருவமாகப் பிரித்து, தினமும் 5 மி.மீ. ஒப்பீட்டு இழப்பு என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். முதல் பருவத்துக்கு 30, வளரும் பருவத்துக்கு 131, நடுப் பருவத்துக்கு 240, கடைசிக்கு 116. (குணகம் ஏறும் வளரும் பருவத்துக்கும் இறங்கும் கடைசிப் பருவத்துக்கும் தொடக்கக் குணகம், முடிவுக் குணகம் இரண்டின் சராசரியை எடுத்திருக்கிறேன்.) மொத்தம் 517 மி.மீ. மக்காச்சோளத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 500 முதல் 800 மி.மீ. என்ற அளவுக்குள் இது விழுகிறது. உங்கள் கணக்கு 200 என்றோ 1500 என்றோ வந்தால் எங்கோ அலகு மாறியிருக்கிறது என்று பொருள்.

அந்த ஆரம்ப 0.3 மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அப்போது நீர் போவது பெரும்பாலும் வெறும் மண்ணிலிருந்து. அடிக்கடி மேல்மண்ணை நனைத்தால் அந்தக் குணகம் இரண்டு மூன்று மடங்காகும்.

ஒரே பண்ணைக்குள் எதெல்லாம் மாறும், எதெல்லாம் மாறாது?

ஒப்பீட்டு ஆவி இழப்பு மாறாது என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒரு பண்ணையின் இரு முனைகளுக்கு இரண்டு வெயில் கிடையாது. (மலைச்சரிவில் இருக்கும் பண்ணை விதிவிலக்கு.) மாறுவது பயிரும் அதன் வயதும், நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதும், மண்ணும், பாசன முறையும். வரைபடத்தில் உழைப்பை இங்கே போடுங்கள். சில நூறு மீட்டர் தூரத்துக்கு வானிலையை நுணுக்கமாக வரைய முயல்வது வீண் வேலை.

மணல்பாங்கான மண்ணுக்கு அதிகத் தண்ணீர் வேண்டும் என்கிறார்களே?

பயிரின் தினசரிச் செலவு மண்ணைப் பார்த்து மாறுவதில்லை. ஈரம் போதுமான அளவு இருக்கும்வரை மணலில் நிற்கும் செடியும் களியில் நிற்கும் செடியும் அதே வெயிலில் அதே 6 மி.மீ.தான் செலவழிக்கும். மண் ஒரு தொட்டி மாதிரி. தொட்டி சிறிதென்றால் சீக்கிரம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டியின் அளவைக் கணக்கிடலாம். வயல் கொள்திறனுக்கும் (மிகுதி நீர் வடிந்தபின் மண்ணில் தங்கும் ஈரம்) வாடல் நிலைக்கும் (அதற்குக் கீழே செடியால் நீரை எடுக்க முடியாத ஈரம்) இடையே மண் பிடித்து வைத்திருக்கும் நீர் மணல் கலந்த வண்டலில் மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 120 மி.மீ., களி கலந்த வண்டலில் சுமார் 170 மி.மீ. என்று வைப்போம். வேர் 80 செ.மீ. இறங்கியிருந்தால் முறையே 96, 136 மி.மீ. இது முழுவதையும் பயிர் சிரமமில்லாமல் எடுக்க முடியாது. மக்காச்சோளத்துக்கு நாளைக்கு 5 மி.மீ. செலவில் அதில் 55 சதவீதம் வரை செலவாக விடலாம் என்பது வழக்கமான எண். செலவு ஒவ்வொரு மி.மீ. கூடும்போதும் அதில் 4 சதவீதப் புள்ளி குறைக்க வேண்டும். 6 மி.மீ.க்கு 51 சதவீதம். ஆகவே முதல் மண்ணில் 49 மி.மீ., எட்டு நாள் தாங்கும். இரண்டாவதில் 69 மி.மீ., பதினோரு நாள்.

இரண்டு மடைக்கும் ஒரே நாளில் முறை வைத்தால் ஒன்று வாடும், இல்லையென்றால் மற்றொன்றில் வேருக்குக் கீழே தண்ணீர் இறங்கி, போட்ட தழைச்சத்தையும் கூட்டிக்கொண்டு போகும். தேவை வரைபடம் ஒன்று, மண் கொள்ளளவு வரைபடம் ஒன்று எனத் தனித்தனியாக வரையச் சொல்வது இதனால்தான். மண்ணில் சிரமமில்லாமல் எடுக்கக்கூடிய நீரைத் தினசரித் தேவையால் வகுத்தால் பாசன இடைவெளி கிடைக்கும்.

மண் விவரத்தை எங்கிருந்து எடுப்பது?

உலகம் முழுமைக்குமான சாயில்கிரிட்ஸ் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் ஒரு கட்டம் 250 மீட்டர் பக்கம் கொண்டது, அதாவது பதினைந்து ஏக்கருக்கு ஒரே எண். வட்டார அளவில் பார்க்க அது போதும். பண்ணைக்குள் வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் குழி தோண்டத்தான் வேண்டும்.

ஒவ்வொரு மடையிலும் 30 செ.மீ., 60 செ.மீ. ஆழத்தில் கைப்பிடி மண் எடுங்கள். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு நீர்விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாகத் தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல்பாங்கு. 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் வண்டல் வகை. 5 செ.மீ. வரை நீண்டால் களி கலந்த வண்டல். அதையும் தாண்டித் தொங்கினால் களி. பணம் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புமுன் இதைச் செய்து பார்த்தால், எந்த இடங்களிலிருந்து மாதிரி அனுப்ப வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

கடினத் தட்டு, அதாவது வேர் துளைக்க முடியாதபடி இறுகிய மண் அடுக்கு, இருக்கிறதா என்றும் குழியிலேயே பாருங்கள். 40 செ.மீ.க்குக் கீழே வேர் போக முடியாத நிலத்தில், மேலே போட்ட 80 செ.மீ. கணக்கு அப்படியே பாதியாகிவிடும்.

மழையைக் கழிக்க வேண்டாமா?

கழிக்க வேண்டும், ஆனால் பெய்ததையெல்லாம் கழிக்கக் கூடாது. ஓடிப்போவதும் வேருக்குக் கீழே போவதும் பயிருக்கு உதவாது. சமதளத்துக்கு எளிய மாதக் கணக்கு ஒன்று உண்டு: மாத மழை 75 மி.மீ.க்கு மேல் என்றால் அதில் 80 சதவீதத்திலிருந்து 25-ஐக் கழியுங்கள். குறைவு என்றால் 60 சதவீதத்திலிருந்து 10-ஐக் கழியுங்கள். 100 மி.மீ. மழையில் 55 தேறும், 40 மி.மீ. மழையில் 14 தேறும், 15 மி.மீ. மழையில் ஒன்றும் தேறாது. பருவத்துக்கு முன்பே திட்டமிட இது சரி. பயிர் நிற்கும்போது தினக் கணக்கு வைப்பதே நல்லது. வயலில் ஒரு மழைமானி வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

மி.மீ. கணக்கை மோட்டார் ஓடும் நேரமாக மாற்றுவது எப்படி?

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஆகவே ஏக்கருக்கு 1 மி.மீ. சுமார் 4,047 லிட்டர், ஹெக்டேருக்கு 10,000 லிட்டர்.

குழாய் வாயில் எவ்வளவு வருகிறது என்பதை அளந்துகொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் 25 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28,800 லிட்டர். மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், கிணற்று மட்டம் இறங்க இறங்க அது மாறும்.

முன்பு பார்த்த 49 மி.மீ.யை வாய்க்கால் பாசனத்தில் கொடுப்பதாக வைப்போம். வயலில் வந்து சேரும் நீரில் 60 சதவீதம்தான் வேர்ப்பகுதியில் தங்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அப்படியானால் பாய்ச்ச வேண்டியது 82 மி.மீ.; ஏக்கருக்கு ஏறக்குறைய 3,31,000 லிட்டர், பதினொன்றரை மணி நேரம். தெளிப்பு முறைக்கு 75 சதவீதம், சொட்டு நீருக்கு 90 சதவீதம் என்று எடுப்பார்கள். சொட்டு நீரில் இதே தேவைக்கு ஏழரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதையும் ஒரே நாளில் கொடுக்காமல் தினமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ பிரித்துக் கொடுப்பார்கள்.

நெல்லுக்கும் இதே கணக்கா?

ஆவி இழப்புக்கு இதே கணக்கு. ஆனால் நெல்லில் அது பாதிக் கதைதான். சேற்று உழவுக்கு முன் நிலத்தை ஊற வைக்கச் சுமார் 200 மி.மீ., தேக்கி வைக்கும் நீருக்கு 100 மி.மீ., அதற்கு மேல் தினமும் கீழிறங்கும் கசிவு. கனமான களியில் கசிவு நாளைக்கு 4 மி.மீ., மணல்பாங்கில் 8 மி.மீ. என்பது தோராயமான அளவு. நெல் வயல் வரைபடத்தில் மண்தான் முதல் அடுக்கு. காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிரிடுபவர்கள் கசிவைத் தேங்கிய நாட்களுக்கு மட்டும் கணக்கிட்டால் போதும்.

கிணற்று நீர் உப்பாக இருந்தால்?

உப்பை வேருக்குக் கீழே தள்ளக் கூடுதல் நீர் வேண்டும். பயிர் தாங்கும் மண் உப்பளவை ஐந்தால் பெருக்கி, அதிலிருந்து நீரின் உப்பளவைக் கழித்து, கிடைப்பதால் நீரின் உப்பளவை வகுக்க வேண்டும். மக்காச்சோளம் விளைச்சல் குறையாமல் தாங்குவது மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸ் (உப்பை மின்கடத்தலால் அளக்கும் அலகு), நீர் 1.5 என்றால் 1.5-ஐ 7-ஆல் வகுத்து 21 சதவீதம். பாய்ச்சும் நீரில் இந்த 21 சதவீதம் போக மீதி 79 சதவீதம் பயிருக்கு 6 மி.மீ. தர வேண்டும் என்பதால், 6-ஐ 0.79-ஆல் வகுக்க 7.6 மி.மீ. ஆகிறது.

இதை வாய்க்கால் பாசனத்தின் 60 சதவீதக் கணக்கோடு கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். வீணாகிறது என்று நாம் எழுதும் 40 சதவீதத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே உப்பைக் கழுவிக்கொண்டுதான் கீழே போகிறது. சொட்டு நீரில்தான் இந்தக் கூடுதல் அளவைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

செயற்கைக்கோள் படம் எந்த இடத்தில் உதவும்?

பட்டியலில் உள்ள குணகம் நன்றாக வளர்ந்த பயிருக்கானது. உங்கள் வயலில் மேற்கு மூலையில் முளைப்பு குறைந்திருந்தால் பட்டியலுக்கு அது தெரியாது. என்டிவிஐ என்னும் பசுமைக் குறியீடு அதைக் காட்டும். அகச்சிவப்பு ஒளியிலிருந்து சிவப்பு ஒளியைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அந்தக் குறியீடு வரும். வெறும் மண்ணில் 0.1, 0.2 என்று இருக்கும், அடர்ந்த பயிரில் 0.8-ஐத் தாண்டும். பசுமை கூடக் கூடக் குணகமும் ஏறும் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றை மதிப்பிடலாம். சென்டினல்-2 படங்கள் இதற்குத் தோதானவை: 10 மீட்டர் கட்டம், இரண்டு கோள்கள் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை, இலவசம்.

இரண்டு எச்சரிக்கை. இலைகள் மேலும் மேலும் அடர்ந்தால் ஒரு கட்டத்துக்குப் பிறகு குறியீடு ஏறாது. அப்புறம், என்டிவிஐ-க்குக் களையும் பயிர்தான். (நீர்க்கணக்கில் அது பெரிய தவறும் இல்லை, களையும் குடிக்கத்தானே செய்கிறது.)

ஆவி இழப்பு வரைபடமே இணையத்தில் தயாராகக் கிடைக்கிறதே, அதையே நீர்த்தேவையாக எடுக்கலாமா?

கூடாது. அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

உணவு மற்றும் வேளாண் அமைப்பின் வேபோர், அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்காக 2021-இல் தொடங்கிய ஓபன்இடி போன்ற இணையத் தளங்கள் தருவது, பயிர் உண்மையில் செலவழித்த நீரின் அளவு. இவற்றில் பல வெப்பக் கணக்கை நம்பியிருக்கின்றன. நிலத்துக்கு வந்து சேர்ந்த கதிர்வீச்சில் மண்ணைச் சூடாக்கியது போக, காற்றைச் சூடாக்கியது போக, மிச்சம் நீரை ஆவியாக்கச் செலவாகியிருக்க வேண்டும். ஒரு லிட்டரை ஆவியாக்கச் சுமார் 2.45 மெகாஜூல் வேண்டும் என்பதால் அந்த மிச்சத்தை மி.மீ.யாக மாற்றிவிடலாம்.

இப்போது இரண்டு மடைகளைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வயது மக்காச்சோளம், இரண்டுக்கும் தேவை 6 மி.மீ. வரைபடம் முதலாவதில் 5.8 என்கிறது, இரண்டாவதில் 3.9 என்கிறது. வரைபடத்தையே தேவை என்று நம்பினால் இரண்டாவது மடைக்குக் குறைவாக விடுவீர்கள். அது ஏற்கெனவே தாகத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டதால்தான் 3.9. அடுத்த வாரம் இன்னும் குறையும், நீங்களும் இன்னும் குறைப்பீர்கள்.

சரியான பயன்பாடு, செலவைத் தேவையால் வகுப்பது. 5.8-ஐ 6-ஆல் வகுத்தால் 0.97, கவலையில்லை. 3.9-க்கு 0.65, போய்ப் பார்க்க வேண்டிய இடம். போய்ப் பார்க்காமல் மடையைத் திறந்தும் விடாதீர்கள். பசுமை நன்றாக இருந்து பயிர் மட்டும் சூடாக இருந்தால் தாகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பசுமையே குறைந்திருந்தால் முளைப்புப் பிழையோ நோயோ உப்போ இருக்கலாம். அங்கே தண்ணீரைக் கூட்டினால் ஒன்றும் ஆகாது, வேர் அழுகல் இருந்தால் இன்னும் மோசமாகும். காலை பத்து மணியளவில் செடிகளுக்கு நடுவே நின்று இலை சுருண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஈடான மென்பொருள் இன்னும் வரவில்லை.

என் நிலம் ஒரு ஏக்கர்தான். இதெல்லாம் பொருந்துமா?

பசுமைக் குறியீடு பொருந்தும், நிலத்தின் சூட்டைக் காட்டும் வெப்பப் படம் பொருந்தாது. ஒரு ஏக்கரில் 10 மீட்டர் கட்டங்கள் நாற்பது வரும். வரப்பையும் பக்கத்து வயலையும் சேர்த்துப் பிடிக்கும் ஓரக் கட்டங்களை நீக்கினால் பதினாறிலிருந்து இருபத்தைந்து வரை மிஞ்சும், அதில் சராசரி எடுக்கலாம். லேண்ட்சாட் 8, 9 ஆகிய இரு செயற்கைக்கோள்களின் வெப்ப உணரிக்கு ஒரு கட்டம் 100 மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். உங்கள் நிலமும் பக்கத்து நிலமும் சாலையும் ஒரே எண்ணில் கலந்துவிடும். 30 மீட்டர் கட்டமாகத் தரப்பட்டிருந்தாலும் அதன் அடியில் இருக்கும் அளவீடு அந்த 100 மீட்டர்தான்.

மேகமூட்டத்தில் படமே கிடைக்காதபோது?

முந்தைய தெளிந்த படத்தின் குணகத்திலிருந்து, பருவத்துக்குப் பருவம் குணகம் ஏறி இறங்கும் கோட்டின் போக்கிலேயே நீட்டிக்கொள்ளுங்கள். பசுமை ஒரு வாரத்தில் தாவிக் குதிப்பதில்லை. வானிலையைத்தான் தினமும் புதுப்பிக்க வேண்டும்.

என்ன மென்பொருள் வேண்டும்?

கணக்குக்குக் கிராப்வாட், வரைபடத்துக்குக் க்யூஜிஐஎஸ். இரண்டும் இலவசம். பத்து மடைக்குள் என்றால் ஒரு விரிதாளும் கையால் வரைந்த வயல் படமும் தாராளமாகப் போதும். நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் ஈரமானி வைக்க வேண்டுமா?

வைத்தால் நல்லது, ஆனால் இடம் முக்கியம். வரைபடத்தில் எந்த மடை சீக்கிரம் காய்கிறதோ அங்கே ஒன்று, சராசரி மடையில் ஒன்று. இரண்டு ஆழத்தில் வையுங்கள். பாய்ச்சிய மறுநாள் கீழ் ஆழத்திலும் ஈரம் கூடினால் நீர் வேர்வரை போயிருக்கிறது. வேருக்கும் கீழே இன்னொன்று இருந்து அதுவும் கூடினால், நீங்கள் பாய்ச்சுவது அதிகம்.

தண்ணீர் எல்லா மடைக்கும் போதவில்லை. எதற்கு முதலில்?

பருவத்தைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் பூக்கும் பருவத்தில் நீர் 10 சதவீதம் குறைந்தால் விளைச்சல் சுமார் 15 சதவீதம் குறையும் என்பது கணக்கு. இலை விடும் பருவத்தில் அதே குறை 4 சதவீதம்தான் பறிக்கும், மணி பிடிக்கும்போது 5, முற்றும்போது 2. ஆண்பூங்கொத்தும் பட்டு இழையும் வெளிவந்த மடைக்கு முழுதாக விட்டுவிட்டு மற்றவற்றைக் காத்திருக்க வைப்பதே சரி. எல்லாவற்றுக்கும் சமமாகக் குறைப்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் மொத்த விளைச்சலில் நஷ்டம். வெவ்வேறு நாளில் விதைத்திருந்தால் இந்த முடிவு சுலபம். விதைத்த தேதியை ஒவ்வொரு மடை மேலும் எழுதி வையுங்கள்.

அடுத்த பருவத்துக்கும் இதே வரைபடம் ஓடுமா?

மண் அடுக்கும் மடை எல்லைகளும் ஓடும். ஆழ உழுது கடினத் தட்டை உடைத்திருந்தாலோ, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமன் செய்திருந்தாலோ மட்டும் அந்த மடைகளில் மறுபடி குழி தோண்டுங்கள். பயிர், விதைத்த நாள், வேர் ஆழம் மூன்றும் புதிதாக எழுத வேண்டும். நீர் வரத்தையும் டிரம் வைத்து மறுபடி அளக்க வேண்டும், கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.